பள்ளி: படுக்கையா, ஊரா, கோயிலா, பள்ளிக்கூடமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போவது என் பல வருடப் பழக்கம். குகைக்குள் குனிந்து நுழைந்து, கல்லில் வெட்டிய படுக்கைகளைக் காட்டி, "இதுதான் பள்ளி" என்று சொன்னதும் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். மலை இறங்கி, பேருந்து ஏறி, வீடு வந்த பிறகும் போனில் தொடரும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

பள்ளின்னா ஸ்கூல்தானே சார்? இதுல கேக்க என்ன இருக்கு?

ஸ்கூலும்தான். ஆனால் அந்த ஒரு பொருளை எடுத்து வைத்துவிட்டாலும் இந்தச் சொல்லுக்கு எத்தனை வேலை மிச்சம் இருக்கிறது பாருங்கள். பெருமாள் பள்ளிகொள்கிறார். சிவன் கோயிலில் இரவு பள்ளியறைப் பூஜை நடக்கிறது. மார்கழி விடியலில் திருப்பள்ளியெழுச்சி. முஸ்லிம்கள் தொழப் போவது பள்ளிவாசலுக்கு. கேரளத்தில் மாதா கோயிலும் பள்ளி. சோழ அரசர் ஒருவரை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பிய கோயில் பள்ளிப்படை. ஊர்ப்பெயர்களோ திருச்சிராப்பள்ளியில் தொடங்கி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் பிரித்தால் இடம், சிற்றூர், இடைச்சேரி, முனிவர் இருப்பிடம், சமணரும் பௌத்தரும் வழிபடும் இடம், அரண்மனை, தொழிற்கூடம், படுக்கை, தூக்கம், அறை, பள்ளிக்கூடம் என்று வரிசையாகப் போகும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போல முதலில் தோன்றும். எல்லாவற்றிலும் "ஒருவர் தங்குகிற இடம்" என்ற கரு இருப்பதைக் கவனித்தால் மீதி தானாக விளங்கும். யார் தங்கினார்கள், எதற்காகத் தங்கினார்கள் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

அப்போ முதல்ல வந்த அர்த்தம் எது? படுக்கையா, இடமா?

"இடம்", "இருப்பிடம்" என்பதுதான் மூத்தது என்று நான் நினைக்கிறேன். காரணம், நம் அக்கம்பக்கத்து மொழிகள். தெலுங்கில் பல்லெ, பல்லி என்றால் சிற்றூர். மதனப்பல்லெ, தாடேபல்லி எல்லாம் அப்படி வந்தவை. செப்டம்பர் 5 அன்று நம் பள்ளிகளில் ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோமே, அந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பெயரில் முன்னால் நிற்பதும் நெல்லூர் மாவட்டத்து ஊர்தான். அவர் முன்னோர் அங்கிருந்து வந்தவர்கள். கன்னடத்தில் பழைய கல்வெட்டுகளில் பள்ளி என்று இருந்தது பிறகு ஹள்ளி ஆனது. பால் ஹாலு ஆனதும், புலி ஹுலி ஆனதும் அதே மாற்றம்தான். பெங்களூரைச் சுற்றி எத்தனை ஹள்ளிகள்! இந்த மொழிகளில் எல்லாம் ஓங்கி நிற்பது ஊர் என்ற பொருள்.

தமிழில் தொல்காப்பியமே நல்ல சாட்சி. எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும் இயலின் கடைசியில் "சொல்லிய பள்ளி எழுதரு வளியின்" என்று ஒரு தொடர் வருகிறது. ஒலி பிறக்கும் நெஞ்சு, தொண்டை, நா, அண்ணம் முதலிய இடங்களைத்தான் அங்கே பள்ளி என்கிறார். அதில் சமயமும் இல்லை, தூக்கமும் இல்லை. வெறும் "இடம்".

தூக்கம் என்ற பொருளும் பழமையில் குறைந்ததல்ல. குறுந்தொகை 142-ஆம் பாட்டில் கபிலர் "பள்ளி யானையின் உயிர்த்து" என்கிறார். நள்ளிரவில் படுத்துத் தூங்கும் யானை விடுகிற மூச்சைப் போல, காதலில் விழுந்தவனின் நெஞ்சு பெருமூச்சு விடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த உவமை இது. தெய்வமும் அரசனும் மட்டும்தான் "பள்ளிகொள்ள" முடியும் என்ற கட்டுப்பாடு அப்போது இல்லை என்பதையும் இந்த யானை சொல்லிவிடுகிறது.

இது தமிழ்ச் சொல்லே இல்ல, பாலி மொழியிலேர்ந்து பௌத்தர்கள் கொண்டுவந்ததுன்னு ஒருத்தர் சொன்னாரே?

பாலி, பள்ளி என்று ஓசை ஒத்துப்போவதால் வரும் எண்ணம் அது. மொழியின் பெயருக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு நான்கிலும், ஒவ்வொன்றுக்கும் உரிய ஒலி மாற்றங்களோடு, அன்றாட ஊர்ப்பெயர்களில் ஊறிக் கிடக்கிற சொல் இது. சமஸ்கிருதத்திலும் பல்லி என்று சிற்றூரைக் குறிக்கும் சொல் உண்டு. அதைத் திராவிட மொழிகளிலிருந்து அங்கே போனதாகத்தான் மொழியியலாளர்கள் கொள்கிறார்கள்.

கல்லுல வெட்டின படுக்கையைத்தான் பள்ளின்னு சொன்னாங்கன்னு என்ன ஆதாரம்?

கல்லே ஆதாரம். மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் மலையில் தமிழ்பிராமி எழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1882-ல் ராபர்ட் சிவெல் இவற்றைக் கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். அவற்றில் ஒன்று, பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி என்பவன் கணி நந்தன் என்ற துறவிக்காகப் பள்ளி கொத்துவித்ததைச் சொல்கிறது. எழுத்தில் அது "பளிஇய்" என்று ஒற்று இல்லாமல் இருக்கும். அந்தக் கால எழுத்துமுறை அப்படி. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் இதைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்று கணித்தார். ஆக, இந்தச் சொல்லுக்கு நம் கையில் இருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று, நாம் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பாறையில் இருக்கிறது. முதல் தடவை அந்த எழுத்துக்குக் கீழே நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எல்லா இடத்திலும் இதே சொல்லைத்தான் வெட்டினார்கள் என்றில்லை. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துக் குகையில் உள்ள கல்வெட்டு படுக்கையை "அதிட்டானம்" என்கிறது. இன்னொன்று: பள்ளி என்றால் அங்கே படுக்கை மட்டுமா, படுக்கை உள்ள குகை முழுவதுமா என்று பிரிப்பது கஷ்டம். துறவிக்கு அந்தக் குகைதான் வீடு. வீட்டில் இருந்த ஒரே பொருள் படுக்கை. இரண்டுக்கும் ஒரே சொல் போதுமாக இருந்திருக்கும்.

எங்க ஊர்ல அதைப் பஞ்சபாண்டவர் படுக்கைன்னு சொல்றாங்க. அது பொய்யா?

அது ஊர்க்கதை. சமணர்கள் போய்ப் பல நூற்றாண்டு ஆன பிறகு, மலைமேல் ஏன் இத்தனை படுக்கைகள் என்று கேட்ட பிள்ளைக்கு யாரோ ஒரு பாட்டி சொன்ன பதில். வனவாசம் போன பாண்டவர்கள் இங்கேதான் படுத்தார்கள் என்றால் கேட்க நன்றாகத்தானே இருக்கிறது. கதையை நான் திருத்தப் போவதில்லை. அந்தக் கதையால்தான் பல படுக்கைகள் உடைக்கப்படாமல் தப்பின என்றுகூட நினைக்கிறேன்.

கதை சொல்லுங்கள், பரவாயில்லை. ஆனால் அந்தப் படுக்கையில் பெயிண்டால் பெயர் எழுதாதீர்கள். இரண்டாயிரம் வருடம் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கிய எழுத்தின்மேல் காதலர் பெயரைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

பள்ளின்னாலே சமணப் பள்ளிதானே? மத்தவங்க அந்த வார்த்தையைப் பின்னாடி எடுத்துக்கிட்டாங்களா?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதிகமாகத் தவறு நடக்கும் இடமும் இதுதான். சமணத்தோடு இந்தச் சொல்லுக்கு நெருக்கம் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் தனி உரிமை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரையைச் சுற்றிக் காட்டும்போது, பெண்கள் பூவும் புகையும் ஏந்தி வழிபடும் பௌத்தர்களின் இடத்தைக் "கடவுட் பள்ளி" என்கிறார். அடுத்து, வேதம் ஓதுவோர் இருக்கும் இடத்தைக் "குன்று குயின்றன்ன அந்தணர் பள்ளி" என்கிறார். அதற்கும் அடுத்து வரும் சமணர் இருப்பிடத்துக்கு அவர் போடும் சொல் "சேக்கை". ஆச்சரியம் என்னவென்றால் சேக்கைக்கும் படுக்கை என்ற பொருள் உண்டு. பட்டினப்பாலையில் சடைமுடி முனிவர்கள் வேள்வித்தீ வளர்க்கும் சோலை "தவப்பள்ளி".

சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையின் தொடக்கத்தைப் படித்துப் பாருங்கள். சிவனுக்குக் கோயில், திருமாலுக்கு நியமம், பலராமனுக்கு நகரம், முருகனுக்குக் கோட்டம், அறவோருக்குப் பள்ளி, பாண்டியனுக்கு மறுபடியும் கோயில் என்று ஆறு வரியில் ஆறு இடங்கள். ஒரு விடியற்காலையில் இந்த எல்லா இடங்களிலிருந்தும் முரசொலி ஒன்றாக எழுகிறது. கோயில் என்ற சொல்லே அரசன் வீட்டுக்கும் இறைவன் வீட்டுக்கும் பொதுவாக இருந்ததை இங்கே பார்க்கலாம். பள்ளி மெல்ல மெல்லத் துறவிகளின் பக்கம் சாயத் தொடங்கியதையும் பார்க்கலாம்.

சோழர் காலத்தில் அந்தச் சாய்வு உறுதிப்படுகிறது. சமண, பௌத்த நிறுவனங்களுக்கு வரி நீக்கிக் கொடுத்த நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்றே பெயர். சிவன், பெருமாள் கோயில்களுக்குக் கொடுத்தால் அது தேவதானம். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எடுப்பித்த சூளாமணிவர்ம விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். அந்தச் செப்பேடுதான் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்து லெய்டன் செப்பேடு என்ற பெயர் பெற்றது. ஈழத்தில் திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள வெல்கம் விகாரையை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் "ராஜராஜப் பெரும்பள்ளி" என்கின்றன. தமிழர்கள் தானம் செய்து வழிபட்ட பௌத்தக் கோயில் அது.

சமண முனிவர்கள் பாடம் சொல்லிக் குடுத்ததாலதான் பள்ளிக்கூடம்னு பேர் வந்துச்சா? இது உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

பெரும்பாலும் உண்மை. கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சமணப் பள்ளிகளில் கல்வி நடந்தது என்பதற்குக் கழுகுமலையைவிட நல்ல சான்று வேண்டாம். அங்கே பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களுக்குக் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. குரவர் என்றும் குரத்தியார் என்றும் ஆசிரியர்கள். அவர்களுடைய மாணாக்கர், மாணாக்கியர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருடங்களுக்கு முன்னால் பெண் ஆசிரியர், அவருக்குப் பெயர் சொல்லும் மாணவர்! நான் கூட்டிப்போகும் பெண்பிள்ளைகளை அந்தப் பாறைக்கு முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாகவே நிற்க வைப்பேன்.

ஆனால் முந்தைய பதிலில் சொன்னது போல, அந்தணரும் பௌத்தரும் இருந்த இடங்களும் பள்ளிதான், அங்கும் ஓதல் நடந்தது. ஆகவே சமணர் மட்டும் இந்தப் பெயரைத் தந்தார்கள் என்று முடிப்பதைவிட, துறவிகளும் கற்றோரும் தங்கிய இடத்தில் பிள்ளைகள் போய்ப் படித்தார்கள், அதனால் படிக்கும் இடத்துக்கே பள்ளி என்று பெயர் நின்றுவிட்டது என்பது சரியாக இருக்கும். எப்போது நின்றது? திருமங்கையாழ்வாரின் திருவல்லிக்கேணிப் பதிகத்தில் பிரகலாதன் "பள்ளியில் ஓதி வந்த" சிறுவனாக வருகிறான். ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வரும் பையன்! 8-ஆம் நூற்றாண்டிலேயே, ஒரு வைணவர் வாயிலேயே, பள்ளி என்றால் பாடசாலை. பள்ளியோடு கூடம் சேர்ந்து பள்ளிக்கூடம் ஆனது. திண்ணையில் நடந்தாலும் அது திண்ணைப் பள்ளிக்கூடம்.

நாங்க தொழுற இடத்துக்கு ஏன் பள்ளிவாசல்னு பேர் வந்துச்சு? மசூதிங்கிறதுதானே சரி?

இரண்டும் சரி. ஆனால் தமிழ் முஸ்லிம்களின் வீட்டு வழக்கு பள்ளிவாசல்தான், சுருக்கமாகப் பள்ளி. "பள்ளிக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் தொழப்போகிறார் என்று பொருள். இலங்கையின் கிழக்குப் பக்கம் பள்ளிவாயல் என்பார்கள். வழிபடுவோர் கூடும் இடத்துக்கு இங்கே ஏற்கெனவே ஒரு நல்ல தமிழ்ச் சொல் இருந்தது, கடல் கடந்து வந்த மார்க்கத்துக்கும் அது இயல்பாகப் பொருந்தியது. வாசல் சேர்ந்ததை நான் மரியாதை வழக்காகப் பார்க்கிறேன். அரண்மனை வாசல், கோட்டை வாசல் என்று பெரிய இடங்களை வாசலால் சுட்டுவது நம் பழக்கம்.

இது நேற்று வந்த பெயரும் அல்ல. திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் உள்ள 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு "சோனகச் சாமந்தப் பள்ளி"க்கு விட்ட நிலத்தைப் பேசுகிறது. சோனகர் என்றால் முஸ்லிம்கள். பள்ளிவாசலுக்குக் கொடுத்த நிலத்தைப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், நேரில் கூட்டிப்போக வேண்டும். அப்புறம் ஒரு சின்னக் குழப்பம்: தர்கா வேறு, பள்ளிவாசல் வேறு. தர்கா என்பது இறைநேசர் அடங்கிய இடம். பள்ளிவாசல் தொழுகைக்கு உரியது. நாகூரைப் போலப் பல ஊர்களில் இரண்டும் ஒரே வளாகத்தில் இருப்பதால் மாற்றிச் சொல்லிவிடுகிறோம்.

கேரளாவுல சர்ச்சைப் பள்ளிங்கிறாங்க, அது நம்மகிட்டேர்ந்து போனதா?

அப்போது "நம்ம", "அவங்க" என்ற பிரிவே இன்றைய மாதிரி இல்லை. கி.பி. 849-ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லத்துச் செப்பேடு ஒன்று இருக்கிறது. சேரப் பெருமாள் ஸ்தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள், எசோதாபீர் என்ற கிறிஸ்தவர் கட்டிய தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்த ஆவணம். எழுத்து வட்டெழுத்து. மொழி, மேற்குக் கரையில் அன்று பேசி எழுதிய தமிழ், பிறகு மலையாளமாக வளர்ந்தது. சாட்சிக் கையெழுத்துகளோ அரபி, பஹ்லவி (பழைய பாரசீகம்), எபிரேய எழுத்துகளில் இருக்கின்றன. ஒரு பள்ளிக்காக இத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பள்ளி என்ற சொல் யாருடையது என்று சண்டை வரும்போதெல்லாம் நான் இந்தச் செப்பேட்டைத்தான் சொல்வேன்.

மலையாளத்தில் இன்றும் கிறிஸ்தவப் பள்ளி, முஸ்லிம் பள்ளி, யூதர்களுக்கு ஜூதப்பள்ளி என்று மூன்றுக்கும் ஒரே சொல். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜூதப்பள்ளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். சர்ச்சோடு சேர்த்துக் கட்டியதால்தான் பள்ளிக்கூடம் என்ற பெயர் வந்தது என்று அங்கே பலர் நம்புகிறார்கள். மேலே சொன்ன பிரகலாதன், அந்தச் சொல் அதற்கு முன்பே கல்வி இடத்துக்கு நின்றுவிட்டதைக் காட்டுகிறான்.

ராத்திரி பள்ளியறை, காலைல பள்ளியெழுச்சி. இதுல எல்லாம் படுக்கைதானே?

ஆமாம், அங்கெல்லாம் தூக்கமும் படுக்கையும்தான். பள்ளியெழுச்சி என்றால் படுக்கையிலிருந்து எழுதல். மாணிக்கவாசகர் சிவனுக்கும், தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனுக்கும் பாடியிருக்கிறார்கள்.

பள்ளிகொண்ட கோலம் என்றால் பெருமாள்தான் நினைவுக்கு வருவார். ஆந்திரத்தில், ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் வரும் சுருட்டப்பள்ளியில் சிவனே படுத்திருக்கிறார், பள்ளிகொண்டீசுவரர் என்று பெயர். ஊர்ப்பெயரில் உள்ள பள்ளி அந்தப் பக்கத்துப் பல ஊர்களில் இருக்கிற "சிற்றூர்" பள்ளி, சாமி பெயரில் உள்ளது படுக்கைப் பள்ளி என்று நான் பிரித்துப் பார்க்கிறேன். ஒரே இடத்தில் இரண்டு பள்ளி.

பள்ளிப்படைன்னா சுடுகாட்டுக் கோயிலா? அங்க சாமி கும்பிடலாமா?

தாராளமாகக் கும்பிடலாம். தூக்கம் என்ற பொருள் சாவுக்கு மரியாதையாக நீண்ட இடம் இது. நம் முன்னோர் அரசன் இறந்தான் என்று சொல்ல மாட்டார்கள், துஞ்சினான் என்பார்கள். புறநானூற்றில் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன் என்று மன்னர்களைக் குறிப்பிடுகிறார்கள். அரசன் நிரந்தரமாகப் பள்ளிகொண்ட இடத்தில் சிவலிங்கம் வைத்து எழுப்பிய கோயில்தான் பள்ளிப்படை.

மேல்பாடியில் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக முதலாம் ராஜராஜன் கட்டியது ஒன்று. அந்தக் கல்வெட்டு அவரை "ஆற்றூர்த் துஞ்சின தேவர்" என்கிறது. பட்டீசுவரம் பக்கத்தில், ராஜராஜனின் தேவி பஞ்சவன் மாதேவிக்காக ராஜேந்திரன் கட்டியது இன்னொன்று. தன் தந்தையின் மனைவிகளில் ஒருவருக்கு ஒரு சக்கரவர்த்தி கோயில் எடுத்திருக்கிறான். கும்பகோணம் போகிறவர்கள் பெரிய கோயில்களோடு இதையும் ஒரு அரைமணி நேரம் போய்ப் பாருங்கள். அமைதியான இடம்.

"பள்ளிக்கட்டு சபரிமலைக்கு"ன்னு சரணம் போடுறோமே, அதுல பள்ளி எங்கேர்ந்து வந்துச்சு?

இருமுடிக்கட்டைத்தான் மலையாளத்தில் பள்ளிக்கெட்டு என்பார்கள். இங்கே பள்ளிக்குப் படுக்கை, ஊர், பாடசாலை எதுவும் பொருந்தாது. அரசனுக்கும் தெய்வத்துக்கும் உரிய எதன்முன்னும் மலையாளத்தில் பள்ளி என்று மரியாதைக்குச் சேர்ப்பார்கள், நாம் திரு சேர்ப்பது போல. பகவதியின் வாள் பள்ளிவாள். திருவிழாவில் சாமி வேட்டைக்குப் போவது பள்ளிவேட்டை. அரசகுடும்பத்துத் திருமணத்துக்கும் பள்ளிக்கெட்டு என்ற பெயர் உண்டு.

தமிழிலும் இந்த வழக்கு இருந்ததுதான். பாண்டியர் கல்வெட்டுகளில் அரசன் மதுரைக் கோயிலில், அதாவது அரண்மனையில், "பள்ளிப்பீடம் மழவராயனில்" எழுந்தருளி ஆணையிட்டான் என்று வரும். அரியணைக்குப் பெயர் மழவராயன், அது பள்ளிப்பீடம். நாம் விட்டுவிட்டதை மலையாளிகள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மாலை போட்ட ஒவ்வொரு வருடமும் நம் வாய்க்கு அது திரும்பி வருகிறது.

தேவாரத்துல பள்ளின்னு முடியுற ஊர் நிறைய இருக்கே. அதெல்லாம் சமணர்கிட்டேர்ந்து பறிச்ச கோயில்களா?

கோபத்தோடும் கேட்கிறார்கள், வருத்தத்தோடும் கேட்கிறார்கள். இரண்டு பக்கச் சான்றையும் வைக்கிறேன். பெரியபுராணம் சொல்வதன்படி, அப்பர் முதலில் தருமசேனர் என்ற பெயரில் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் இருந்தவர். அந்தப் பாடலிபுத்திரம் இன்றைய கடலூர் பக்கத்துத் திருப்பாதிரிப்புலியூர். அவர் சைவத்துக்குத் திரும்பிய பிறகு பல்லவ மன்னனும் மாறி, அங்கிருந்த அமண் பள்ளிகளையும் பாழிகளையும் (சமணரின் உறைவிடங்களை) இடித்து, அந்தப் பொருளைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று சேக்கிழாரே பாடுகிறார். ஆக, இடிப்பே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.

அதே அப்பர், ஊர்களை ஈறு வாரியாகத் தொகுத்துப் பாடிய அடைவுத் திருத்தாண்டகத்தைப் பள்ளிகளில்தான் தொடங்குகிறார். சக்கரப்பள்ளி, காட்டுப்பள்ளி, கொல்லி அறைப்பள்ளி, சிராப்பள்ளி, செம்பொன்பள்ளி, நனிபள்ளி என்று அடுக்குகிறார். அந்தச் சொல்லில் அவருக்கு எந்தக் கசப்பும் இல்லை. அது ஊர் என்ற பொதுப்பொருளில் எங்கும் வழங்கியதால்தான் அப்படிப் பாட முடிந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். திருச்சி மலையில் படுக்கைகள் இருக்கின்றன, ஆகவே அங்கே துறவிகள் தங்கியது உறுதி. சம்பந்தர் பாடும்போதே ஊருக்குச் சிராப்பள்ளி என்றுதான் பெயர். மூன்று தலை அசுரன் திரிசிரன் கதை அந்தப் பெயருக்குப் பின்னால் சொன்ன விளக்கம் என்பது என் எண்ணம். ஆனால் படுக்கையும் இல்லாமல், கல்வெட்டும் இல்லாமல், பெயரை மட்டும் வைத்து ஒரு கோயிலைப் பறித்த கோயில் என்று நான் சொல்ல மாட்டேன்.

பெயர்கள் தேய்ந்தும் போயின. செம்பொன்பள்ளி இன்று செம்பனார்கோயில். கொல்லிமலை அறைப்பள்ளி ஈசுவரர் அறப்பளீசுவரர் ஆகிவிட்டார்.

பள்ளம், பல்லாவரம், பல்லி... இதெல்லாம் ஒரே குடும்பமா?

இல்லை. பள்ளத்தில் இருப்பதால் பள்ளி என்பது வெறும் ஓசை ஒற்றுமை. வேர்ச்சொல் அகராதி இரண்டையும் தனித்தனியாகவே வைக்கிறது. பள்ளிகள் பாதி மலைமேல் இருக்கின்றன என்பதை நினைத்தாலே போதும். பல்லாவரம் பல்லவபுரம். சுவரில் ஓடும் பல்லிக்கும் இதற்கும் தொடர்பில்லை, லகரமும் ளகரமும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்க ஊர்ப் பேர்லயும் பள்ளி இருக்கு. அது சமணர் ஊரா, சும்மா ஊரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்ப் பக்கம் என்றால் பெரும்பாலும் அது இரண்டாம் பதிலில் சொன்ன "சிற்றூர்" பள்ளி. வேப்பனப்பள்ளியையே வேப்பனஹள்ளி என்றும் எழுதுகிறார்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசும் ஊர்களில் அப்படித்தான் இருக்கும்.

அடுத்து ஊரில் பெரியவர்களைக் கேளுங்கள். பக்கத்தில் குன்று உண்டா, அதில் சுனை உண்டா, "படுக்கை" என்று எதையாவது சொல்கிறார்களா? துறவிகளுக்குத் தண்ணீர் வேண்டும், மழைநீர் குகைக்குள் வராமல் தடுக்கப் பாறையின் நெற்றியில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் அந்தக் கோடு நன்றாகத் தெரியும். வயல்வெளியில் "மொட்டைச் சாமி", "அம்மணச் சாமி" என்று யாராவது ஒரு சிலையைக் காட்டினால் போய்ப் பாருங்கள், தீர்த்தங்கரராகவோ புத்தராகவோ இருக்கலாம். ஊர்க் கோயில் கல்வெட்டில் பள்ளிச்சந்தம் என்ற சொல் வந்தால் ஏறத்தாழ முடிவாகிவிடும்.

கண்டால் கையால் தேய்க்கவோ, சுண்ணாம்பு பூசவோ வேண்டாம். படம் எடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்புங்கள்.